கொழும்பு எதுவரைக்கும்?

களனி ஒரு கிராமம். கேலிக்குச் சொல்லவில்லை. இலங்கையின் தொகைமதிப்புக் கணக்கில் மாநகர சபையோ நகர சபையோ இருக்கிற இடம் மட்டும்தான் நகரம். களனிக்கு இருப்பது பிரதேச சபை. ஆகவே பல்கலைக்கழகம், பெரிய விகாரை, காலை ஏழு மணிக்குக் கண்டி வீதியில் அசையாமல் நிற்கும் பஸ்கள் எல்லாம் இருந்தும் களனி கிராமம்தான். ஹோமாகமையும் அப்படியே. 2012 தொகைமதிப்பின்படி இந்த நாட்டில் நகரத்தில் வாழ்கிறவர்கள் 18.2 வீதம் மட்டும். நம்புகிறீர்களா? நாங்கள் நம்பவில்லை.

எங்க பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. ஹட்டனுக்கு நகர சபை இருக்கிறது, அதனால் ஹட்டன் நகரம். பொகவந்தலாவை டவுனில் வங்கி, கடைத்தெரு, பஸ் நிலையம் எல்லாம் இருந்தாலும் அது நோர்வூட் பிரதேச சபைக்குள் வருவதால் நகரம் இல்லை. டவுனை விட்டுக் கொஞ்ச தூரம் மேலே ஏறினால் கிராமமும் இல்லை. அங்கே மூன்றாவது பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள்: தோட்டம். 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்பு, அதில் குடியிருக்கும் தொழிலாளர் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தோட்டத்துறை. பெரும்பாலான நாடுகளில் நகரம், கிராமம் என்று இரண்டு பிரிவுதான். எங்களுக்கென்று ஒரு பெட்டியைச் செய்து, 4.4 வீதம் பேரை அதற்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இதெல்லாம் புள்ளிவிபரக்காரர்களின் வேலை, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், கோடு போடுகிறவர்கள் இந்தப் பெட்டிகளை வைத்துத்தான் எங்கே என்ன கட்டுவது, யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கோடுகளிலேயே பெரியது கொழும்பைச் சுற்றி இருக்கிறது.

கொழும்பு மாநகர சபையின் பரப்பு வெறும் 37 சதுர கிலோமீற்றர். அதைத் தாண்டி நகரம் எப்பவோ வழிந்து போய்விட்டது. பாராளுமன்றமே 1982இல் கோட்டேக்குப் போய்விட்டது. தலைநகரம் எது என்று கேட்டால் பரீட்சையில் ஒரு பதிலும் வீட்டில் ஒரு பதிலும் சொல்கிற நாடு நம்முடையது. அதனால் திட்டமிடுகிறவர்கள் மாநகரத்தை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியுள்ள பிராந்தியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். சரியான பேச்சுத்தான். அந்தப் பிராந்தியம் எதுவரைக்கும் என்பதுதான் எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கு.

1921இல் பற்றிக் கெடிஸ் வந்து கொழும்பைத் தோட்ட நகரமாக்கலாம் என்றார். (அவர் சொன்ன தோட்டம் வேறு, எங்க தோட்டம் வேறு.) 1949இல் இன்னொரு பற்றிக், அபர்குறொம்பி, நகரத்துக்கு வெளியேயும் பார்த்து ராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணை நகரங்கள் வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். முந்திய வருஷம்தான், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் பாட்டன் பூட்டன்களை நாட்டின் கணக்கிலிருந்தே வெளியே வைத்தது. ஒரு மேசையில் நகரத்தின் எல்லை பெரிதாகிறது, பக்கத்து மேசையில் நாட்டின் எல்லை சிறிதாகிறது. இரண்டு மேசைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அந்த அதிகார சபை 1998இல் தயாரித்த கொழும்பு பெருநகர்ப் பிராந்தியத் திட்டத்தில் பிராந்தியம் என்றால் மேல் மாகாணம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை, மூன்று மாவட்டமும் சேர்ந்து 3,684 சதுர கிலோமீற்றர். 2015இல் மெகாபொலிஸுக்கென்றே ஒரு அமைச்சை உருவாக்கி, சம்பிக்க ரணவக்கவை அமைச்சராக்கி, 2016 ஜனவரியில் பெரிய திட்டமொன்றை வெளியிட்டார்கள். அதிலும் எல்லை அதே மேல் மாகாணம். 2019க்குப் பிறகு அந்த அமைச்சு இல்லை. மாலபேக்கு வர இருந்த இலகு ரயிலும் 2020இல் இரத்து. ஆனால் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? மேல் மாகாணத்தை 1833இல் வெள்ளைக்காரன் உருவாக்கினான். பிறகு வெட்டி வெட்டிச் சின்னதாக்கி, 1889இல் சப்பிரகமுவவைத் தனியாகப் பிரித்தான். வரி வாங்கவும் கச்சேரி நடத்தவும் வசதியாகப் போட்ட கோடு அது. 21ஆம் நூற்றாண்டுப் பெருநகரத்தின் எல்லையும் அதுவே என்றால், அளந்து பார்க்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். மாகாணம் தயாராக இருக்கிறது, அதற்கு ஒரு மாகாண சபை இருக்கிறது, புள்ளிவிபரம் இருக்கிறது, வேலை சுலபம். அந்தச் சுலபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஆற்றுக்குப் புரியாது.

ஆற்றுக்கு வருவோம். கெசல்கமு ஓயா எங்க டவுனை ஒட்டித்தான் ஓடுகிறது. நோர்வூட்டைத் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அந்தப் பக்கம் மஸ்கெலியா ஓயா மவுசாகலைக்குப் போகிறது. இரண்டும் கீழே இறங்கி, கித்துல்கலைக்கு வருவதற்கு முன்பே ஒன்றாகச் சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் கங்கையை அம்பத்தலேயில் மறித்து, சுத்திகரித்து, கொழும்பும் அதன் புறநகரும் குடிக்கும் நீரில் பெரும்பகுதியைக் கொடுக்கிறார்கள். வெள்ளவத்தையில் நீங்கள் போடும் பிளேன்டீயில் எங்க ஊர்த் தூள் இருக்கும், இல்லாமலும் போகும். எங்க ஊர்த் தண்ணீர் நிச்சயமாகக் கொஞ்சம் இருக்கும்.

வரட்சிக் காலத்தில் கங்கை வற்றினால் கடல் உப்பு அம்பத்தலே வரைக்கும் ஏறி வரும். அப்போது மேலேயிருந்து வருகிற நீர்தான் உப்பைத் தள்ளி வைக்கிறது. மழைக்காலத்தில் கதை தலைகீழ். 2016 மே மாதம் களனி பெருகி கொலன்னாவையும் கடுவெலையும் முங்கிய போது, அந்தப் பெரிய திட்டம் வெளிவந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. வெள்ளம் மேல் மாகாணத்தில் நின்றது. அது ஊறி வந்த மலைகளில் பெரும்பகுதி மேல் மாகாணத்துக்கு வெளியே.

நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய மழை வந்தால் அவர்கள் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அட்டவணையைப் பாருங்கள். களனி கங்கை என்ற தலைப்பின் கீழ் நாகலகம் வீதி, ஹன்வெல்ல, கிளென்கோர்ஸ், கித்துல்கல, நோர்வூட் எல்லாம் இருக்கும். நாகலகம் வீதி கொழும்புக்குள்ளே இருக்கிறது. நோர்வூட் எங்கள் பிரதேச சபை இருக்கும் இடம். எங்களுக்குத் தெரிந்து கொழும்பையும் எங்களையும் ஒரே காகிதத்தில், ஒரே தலைப்பின் கீழ், சரிசமமாக எழுதும் அரசாங்க ஆவணம் அது ஒன்றுதான். வெள்ளம் வந்தால் மட்டும் நாங்கள் ஒரே பிராந்தியம்!

கரண்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. விமலசுரேந்திர கண்ட கனவு, 1950இல் லக்‌ஷபான, 1965இல் காசல்ரீ. பாடப் புத்தகத்தில் இல்லாதது, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும், ஆட்கள் போய் செல்ஃபி எடுப்பார்கள். ஒரு நகரத்தின் விளக்கு எரிய இன்னொரு டவுன் முங்கியிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே திட்டப் பிராந்தியத்தில் இல்லையாம்.

தண்ணீரும் மின்சாரமும் தானாகப் போகின்றன. பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள். பொகவந்தலாவையில் எந்த லயத்திலும் கேட்டுப் பாருங்கள், ஒரு வீட்டில் ஒருவராவது கொழும்பில் இருப்பார். புறக்கோட்டை புடவைக் கடை, வத்தளை பேக்கரி, கட்டுநாயக்க காமன்ட், பம்பலப்பிட்டியில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. மலையில் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்குவதற்கே 2021 வரை இழுத்தடித்தார்கள், அதையும் பெயருக்கு ஏற்றபடி முழு நாளாகக் கொடுப்பதில்லை என்று சண்டை நடந்தது. யார் இருப்பான்? ஓ.எல். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்களில் சில பேர் படிக்கப் போனோம், கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எங்களுக்கே கொஞ்சம் லேட்டாகத்தான் விளங்கியது. மாகாணக் கோடு பழசு, அதை விட்டுவிட்டு நவீன முறையில் அளக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நவீன முறை என்றால் என்ன? ஒரு இடத்திலிருந்து எத்தனை பேர் தினசரி நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள் என்று பார்ப்பது. ஓஇசிடி நாடுகளின் அளவுகோலில், வேலை செய்கிறவர்களில் 15 வீதம் பேர் மைய நகரத்துக்குப் போய் வந்தால் அந்த ஊரும் பெருநகரத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 25 வீதம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இது ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பி வருகிறவனுக்காகச் செய்த அளவுகோல். கம்பஹாவிலிருந்து காலையில் ரயில் ஏறி மாலையில் திரும்புகிறவர் எண்ணப்படுவார். தைப்பொங்கல் முடிந்து போய் சித்திரைக்கு வந்து, மறுபடி போய் தீபாவளிக்கு வருகிற எங்க பையன் எண்ணப்பட மாட்டான். அவன் கொழும்பில் தூங்குவது கடைக்கு மேலே உள்ள தட்டில், அல்லது ஒரு அறையில் ஆறு பேர் இருக்கும் போர்டிங்கில். அடையாள அட்டையில் தோட்ட விலாசம். வாக்கு இங்கே. காய்ச்சல் வந்தால் இங்கே. வேலை மட்டும் அங்கே. பழைய கோட்டிலும் அவன் இல்லை, புதிய கணக்கிலும் இல்லை.

2020 நவம்பரில் அந்தக் கோடு வெறும் வரைபடக் கோடு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவி, மேல் மாகாணம் முழுக்க ஊரடங்கு. தீபாவளி 14ஆம் திகதி. அதற்கு மூன்று நாளைக்கு முன் மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று தடை வந்தது. நோய்க்குப் பயந்து போட்ட தடை, அதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் கொழும்பில் கடை பூட்டியிருந்தது. வேலை இல்லை, சாப்பாடு கொடுக்கும் முதலாளியும் ஊருக்குப் போய்விட்டார், போர்டிங்கில் அடைந்து கிடந்தவர்களைக் கொழும்பு தன் ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. அதற்கு முன்னமே எப்படியோ வந்து சேர்ந்தவர்களை மலையில் "கொழும்பிலிருந்து வந்தவன்" என்று எட்டி நின்று பார்த்தார்கள். ஒரே பையன், கொழும்பில் தோட்டக்காரன், தோட்டத்தில் கொழும்புக்காரன்.

அப்படியானால் பொகவந்தலாவையைக் கொழும்போடு சேர்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. மூன்று இரவு சண்டை போட்டோம்.

சேர்க்கலாம் என்பவர்கள் கையில் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் 1985இல் தலைநகர்ப் பிராந்தியத் திட்டச் சபைக்கென்று தனிச் சட்டம் போட்டு, டெல்லியோடு ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாவட்டங்களையும் சேர்த்தார்கள். இன்று அதன் பரப்பு 55,083 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதும் 65,610தான். மாநில எல்லையையே தாண்டலாம் என்றால் நாங்கள் அவிசாவளையைத் தாண்டுவது பெரிய காரியமா? சென்னையிலும் 1,189 சதுர கிலோமீற்றராக இருந்த பெருநகர எல்லையை 2022இல் 5,904 ஆக்கினார்கள். ஆனால் அங்கேயும் ஒரு தமாஷ் உண்டு. சென்னை 2004 முதல் குடிக்கும் வீராணம் ஏரித் தண்ணீர் கடலூர் மாவட்டத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் குழாயில் வருகிறது. எல்லையை ஐந்து மடங்கு பெரிதாக்கிய பிறகும் வீராணம் அதற்கு வெளியேதான். பெரிய நகரங்களுக்கு இது பொதுவான வியாதி போல. தண்ணீர் வருகிற ஊரைத் தூரத்துச் சொந்தம் மாதிரி வைத்திருப்பார்கள், கல்யாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள்.

சேர்க்கவே கூடாது என்பவர்களிடமும் உதாரணம் இருக்கிறது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். அதே வருஷம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போயின. அமைச்சர் ஒரு பிரதேசத்தை நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் போட்டுவிட்டால் அங்கே அந்த அதிகார சபையின் கை நீளும். கோட்டுக்குள்ளே இருந்தவர்களின் கதி இது என்றால், உள்ளே போக ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு தோழி கேட்டாள். மேலும், எங்கள் காலுக்குக் கீழே உள்ள மண்ணே எங்களுடையது இல்லை. அரசாங்கத்தின் நிலம், 1992க்குப் பிறகு கம்பனிகளின் கையில். காணி யாருடையது என்று பார்த்துத்தான் கருத்துக் கேட்பார்கள். கம்பனியைக் கேட்பார்கள், லயத்தை யார் கேட்பது? இந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

இன்னொன்றும் அவள்தான் கவனித்தாள். எங்களுக்கு எப்போது ஏதாவது தருகிறார்கள் என்றாலும் அதன் பெயர் கிராமம். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அதே வருஷம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டத்துக்குள்ளேயும் பிரதேச சபை செலவழிக்கலாம் என்றார்கள். அதுவரைக்கும், 1987இலிருந்து, நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைக்கு எங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் மண் போடச் சட்டத்தில் இடைஞ்சல். இரண்டும் நல்ல மாற்றங்கள்தான். 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் தோட்டத்திலிருந்து கிராமத்துக்கு உயர்த்துவது மட்டும்தான் கற்பனையின் உச்சமா? பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா டவுன்கள் எல்லாம் எப்பவோ நகரமாக வாழத் தொடங்கிவிட்டன. பெயர்ப்பலகை மட்டும்தான் வரவில்லை.

கடைசியில் நாங்கள் ஓரளவுக்கு ஒத்துப்போனது இதில்தான். கொழும்பின் கோட்டை இழுத்து எங்கள் தலைக்கு மேல் போட வேண்டாம். கட்டட அனுமதிக்கும் காணி எடுப்பதற்கும் மாகாணக் கோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தண்ணீரைத் திட்டமிடும்போது பிராந்தியம் என்றால் களனிப் படுகை. அப்படிப் பார்த்தால் பொகவந்தலாவை லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானும், உடைந்து கிடக்கிற கக்கூஸும் கொழும்பின் குடிநீர்த் திட்டத்தின் பகுதி. லயத்துக்கு ஒழுங்கான மலசலகூடம் கட்டுவது மலையகத்துக்குப் போடும் பிச்சை ஆகாது, அம்பத்தலேயில் குளோரின் வாங்குவது போல ஒரு செலவு. மண்சரிவு அபாயத்தில் இருக்கும் குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதும் அந்தக் கணக்கிலேயே வரும், மலை சரிந்தால் சேறு ஆற்றுக்குத்தானே வரும். அதுபோல வேலையைத் திட்டமிடும்போது, கொழும்பில் இரவு தங்குகிற ஒவ்வொருவரும் கொழும்பின் கணக்கில் வர வேண்டும், அடையாள அட்டை எந்த ஊராக இருந்தாலும். வாடகை கட்டுப்படியாகும் விடுதி, பண்டிகைக்கு ஊருக்குப் போக மேலதிக பஸ், நோய் வந்தால் பதிந்து மருந்தெடுக்க ஒரு இடம். இவை மெகாபொலிஸ் வரைபடத்தில் வரும் கோபுரங்களை விட மலிவானவை.

ஒரே கோட்டை எல்லாவற்றுக்கும் பாவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் தன் அட்டவணைக்கு ஒரு கோடு வைத்திருக்கிறது, தொகைமதிப்புத் திணைக்களம் ஒன்று வைத்திருக்கிறது, தபால்காரர் ஒன்று வைத்திருக்கிறார். திட்டமிடுகிறவர்கள் மட்டும் 1889இல் ஏன் நிற்க வேண்டும்?

அபிவிருத்தித் திட்ட வரைவுகளுக்குப் பொதுமக்களிடம் அபிப்பிராயம் கேட்டு விளம்பரம் போடுவார்கள். அடுத்த முறை மேல் மாகாணத்துக்கென்று ஒரு விளம்பரம் வந்தால், மேலே சொன்னதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புவதாக இருக்கிறோம். வெளி மாகாணத்துக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் நீர்மட்ட அட்டவணையையும் இணைப்போம். கடிதம் பாதி எழுதியாயிற்று. அனுப்புநர் விலாசத்தில்தான் இழுபறி. தோட்ட விலாசம் போட்டால் பதில் தோட்ட ஒபிஸுக்குப் போய், யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். வெள்ளவத்தை போர்டிங் விலாசம் போடலாம் என்றால், அடுத்த மாசம் அங்கே இருப்போமா என்று தெரியாது. இரண்டையும் போடுவோம் என்கிறான் ஒருத்தன், ஒன்றின் கீழ் ஒன்றாக.